ஒரே குளுக்கோஸ், மூன்று பிணைப்புகள்

தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் மூட்டைகள் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகின்றன. அறுப்பு மிஷின் விட்டுச்சென்ற வைக்கோலை இன்னொரு மிஷின் உருளைக் கட்டுகளாகக் கட்டிப் போட, அவை லாரியேறி மாட்டுத் தீவனமாக வெளியூர்களுக்குப் போகின்றன. சில கட்டுகள் மட்டும் உள்ளூரிலேயே தங்கி, துண்டு துண்டாக வெட்டப்பட்டு, வெந்நீரில் அவிந்து, பாலித்தீன் பைக்குள் காளான் படுக்கையாகி, சிப்பிக் காளானாகவோ பால் காளானாகவோ சந்தைக்கு வருகின்றன. அரிசி, வைக்கோல், காளான் மூன்றும் ஒரே மண்ணில் விளைந்தவை என்பதைவிட நெருக்கமான உறவு ஒன்று அவற்றுக்கு உண்டு. அரிசியின் மாவுச்சத்து, வைக்கோலின் செல்லுலோஸ், காளானின் செல்சுவரில் பெரும்பங்கு ஆகிய மூன்றுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரை நீளநீளமாகக் கோத்து உண்டான பல்சர்க்கரைகள். அப்படியிருந்தும் அரிசி நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் மாட்டுக்குத்தான் செரிக்கிறது, காளானின் சங்கிலியைத் தொட்டாலோ நம் வெள்ளை அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. ஒரே சரக்குக்கு ஏன் இந்த மூன்று விதமான வரவேற்பு? ‘நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்’ என்று காளான் பொடிப் பொட்டலங்களில் அச்சாகும் வாசகம் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கான பதில் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

குளுக்கோஸில் ஆறு கார்பன் அணுக்கள் உண்டு. வேதியியலாளர்கள் அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், அடுத்த குளுக்கோஸின் எத்தனையாவது கார்பனோடு சேர்கிறது, சேரும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்ற இரண்டையும் பொறுத்துச் சங்கிலியின் குணமே மாறிவிடும். ஒன்றும் நான்கும் ஒரு பக்கச் சாய்வில் சேர்ந்தால் மாவுச்சத்து. இந்தச் சாய்வுக்கு ஆல்ஃபா என்று பெயர். நம் எச்சிலிலும் கணைய நீரிலும் இதை வெட்டும் நொதி இருக்கிறது. நம் ஈரலும் இதே பிணைப்பில்தான் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது என்பதால் உடம்புக்கு இது வீட்டுச் சரக்கு. அதே ஒன்றும் நான்கும் மறுபக்கச் சாய்வில், அதாவது பீட்டா முறையில் சேர்ந்தால் செல்லுலோஸ். இது நேரான, தட்டையான சங்கிலி. பக்கத்துச் சங்கிலியோடு இறுக ஒட்டிக்கொண்டு விறைத்து நிற்கும். வைக்கோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான். வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளிடம் இருக்கிறது.

காளானிடமும் இருக்கிறது. படுக்கைக்குள் வெள்ளை நூலாகப் பரவும் காளான் இழைகள் நொதியை வெளியே கசியவிட்டு, வைக்கோலின் செல்லுலோஸை அங்கேயே குளுக்கோஸாக உடைத்து உறிஞ்சுகின்றன. உறிஞ்சியதில் ஒரு பகுதியைக் காளான் தன் செல்சுவருக்காக மறுபடியும் கோக்கிறது. இம்முறை ஒன்றும் மூன்றும் பீட்டா முறையில் சேர்கின்றன. இடையிடையே ஆறாவது கார்பனிலிருந்து சின்னச் சின்னக் கிளைகள் பிரிகின்றன. இதுதான் பீட்டா-குளூக்கான். ஒன்று-மூன்று பிணைப்பால் சங்கிலி நேராக நிற்க முடியாமல் வளைந்து சுருள்கிறது. மூன்று சங்கிலிகள் சேர்ந்து, களத்தில் வைக்கோலை முறுக்கித் திரிக்கிற பிரியைப்போல ஒன்றையொன்று சுற்றிக்கொள்வதும் உண்டு. ஓட்ஸில் இருப்பதும் பீட்டா-குளூக்கான்தான், ஆனால் அது ஒன்று-மூன்றும் ஒன்று-நான்கும் கலந்த, கிளையில்லாத சங்கிலி. இரத்தக் கொழுப்பைக் குறைப்பதில் அதற்கு நல்ல சான்று இருக்கிறது. பெயர் ஒன்று என்பதற்காக அந்தச் சான்றைக் காளான் கணக்கில் வரவு வைக்க முடியாது, சில விளம்பரங்கள் அப்படிச் செய்தாலும்.

வெள்ளை அணு ஏன் இந்த ஒன்று-மூன்று சங்கிலியை மட்டும் கண்டு கிளர்கிறது? மனித உடம்பு இதை உண்டாக்குவதே இல்லை. கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற, உடம்புக்குள் புகுந்து நோய் உண்டாக்கும் பூஞ்சைகள் தம் செல்சுவரில் இதை வைத்திருக்கின்றன. ஆகவே உடம்புக்குள் இந்தச் சங்கிலி தென்பட்டால் பூஞ்சை புகுந்துவிட்டது என்று பொருள். இந்த அடையாளத்தைப் படிக்கிற ஏற்பி ஒன்று, மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி அணுக்களின் மேற்பரப்பில் இருப்பதை 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரௌனும் சயமன் கோர்டனும் கண்டறிந்தார்கள். அதன் பெயர் டெக்டின்-1. இது ஏதோ தற்செயலான ஒட்டல் அல்ல, காவலுக்கென்றே அமைந்த ஏற்பிதான் என்று எப்படிச் சொல்கிறோம்? அது இல்லாதவர்களைப் பார்த்துத்தான். 2009இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் சிலருக்கு நகப்பூஞ்சையும் கேண்டிடா தொற்றும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. மரபணுவைப் பார்த்தபோது டெக்டின்-1 ஏற்பி பாதியில் முறிந்து, வேலை செய்யாமல் கிடந்தது. எலிகளிலும் இந்த ஏற்பியை நீக்கினால் பூஞ்சைத் தொற்றுகளில் சிலவற்றைச் சமாளிக்க முடியாமல் போகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு பொட்டலத்து வாசகத்துக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. சமைக்கிற சிப்பிக் காளானும் நோய் தரும் கேண்டிடாவும் வெள்ளை அணுவின் பார்வையில் ஒரே சாதி. காளானின் பீட்டா-குளூக்கான் எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது அது பலம் தரும் சத்து என்பதால் அன்று, எதிரியின் முகம் அதற்கு இருப்பதால்தான். சத்து என்றால் கூடக்கூட நல்லது, எப்படிப் போனாலும் நல்லது என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. அடையாளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எங்கே தென்படுகிறது, எந்த வடிவில், எவ்வளவு நேரம் என்பவற்றைப் பொறுத்தே அதற்கு விளைவு உண்டு. காளான் பல்சர்க்கரை ஆய்வுகளில் வெற்றிகளும் தோல்விகளும் ஏன் இப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதை இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் புரிந்துகொள்ள வழியில்லை.

வெற்றியிலிருந்தே தொடங்கலாம். 1969இல் ஜப்பானில் கோரோ சிஹாராவும் உடன் ஆய்வாளர்களும் ஷீட்டாக்கே காளானிலிருந்து பிரித்த ஒரு பீட்டா-குளூக்கானை, புற்றுக்கட்டி பதியவைத்த எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். கட்டி சுருங்கியது. லெண்டினான் என்று பெயரிடப்பட்ட அந்தப் பொருள் புற்று அணுக்களை நேரடியாகக் கொல்லவில்லை. அப்படியானால் எலியின் எதிர்ப்பாற்றல் வழியாகத்தான் வேலை செய்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகத்தோடு நிற்காமல், எதிர்ப்பணுக்கள் முதிர்கிற இடமான தைமஸ் சுரப்பியை நீக்கிய எலிகளில் அதே சோதனையைச் செய்தார்கள்; பலன் மறைந்துபோனது. அழகான சோதனை. ஆனால் அதில் ஓர் ஓட்டையும் உண்டு. அவர்கள் பயன்படுத்திய சார்கோமா 180 என்ற கட்டி, எலிக்குச் சொந்தமாக வந்த கட்டி அன்று. வேறோர் எலியிலிருந்து வந்து ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. அந்நிய அணுவை விரட்ட எலியின் உடம்பு எப்படியும் தயாராகத்தான் இருக்கும். லேசாகத் தட்டிவிட்டாலே போதும். சொந்த உடம்பிலேயே முளைத்த புற்றுக்கு இதே பலன் இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

‘ஜப்பான் அரசாங்கமே மருந்தாக ஒத்துக்கொண்டதே’ என்பது அடுத்து வரும் வாதம். உண்மைதான். வேறொரு காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டின் 1977இலும், லெண்டினான் 1985இலும், வழக்கமான புற்றுநோய் மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் துணை மருந்துகளாக அங்கே அனுமதி பெற்றன. லெண்டினானை வாய்வழியாகக் கொடுக்கவில்லை, இரத்தக் குழாயில் ஏற்றினார்கள். அளவும் ஒரு தடவைக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். பிறகு அதே ஜப்பானில், முற்றிய இரைப்பைப் புற்று உள்ள 309 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்து மட்டும், மறுபாதிக்கு அதனுடன் லெண்டினானும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2016இல் வெளியானது. லெண்டினான் சேர்த்தவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. ஜப்பானின் அனுமதியைச் சுட்டுகிறவர்கள் ஜப்பானின் இந்த ஆய்வையும் சுட்ட வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு தமிழ்நாட்டுக் கிளை இருக்கிறது, அதை இங்கே பலர் அறிந்திருக்கவில்லை. வைக்கோல் காளான் வளர்ப்பு 1940களின் தொடக்கத்திலேயே கோயம்புத்தூரில் செய்து பார்க்கப்பட்டது. பால் காளானோ வங்காளத்தில் 1970களில் முதலில் விவரிக்கப்பட்ட ஒன்று. அதை வணிகப் பயிராக்கிய பெருமை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேரும். ஏபிகே 2 என்ற ரகம் 1998இல் வெளியானது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான் அந்த மூன்று எழுத்துகள் சுமக்கின்றன. மலைக் குளிர் தேவைப்படும் மொட்டுக் காளானைப் போலன்றி, முப்பது டிகிரி வெப்பத்திலும் இது விளையும். வெள்ளை இழை முழுதும் பரவிய வைக்கோல் உருளையை நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தின் மேல் அவித்து ஆறிய மண்ணைக் கொஞ்சம் சுண்ணாம்போடு கலந்து பரப்பி, நீலத் தார்ப்பாய் போர்த்திய குழிக்குடிலில் வைத்து ஈரம் காட்டினால், கட்டைவிரல் தடிமனில் பால் நிறத் தண்டுகள் கிளம்பும். டெல்டா வெயிலுக்கென்றே அமைந்தாற்போன்ற பயிர். இதே ஏபிகே 2 காளானிலிருந்து ஒரு பல்சர்க்கரையைப் பிரித்து, அதன் அமைப்பையும் எதிர்ப்பணுக்கள் மீதான விளைவையும் மேற்கு வங்கத்தின் மிட்னாப்பூரிலுள்ள வித்யாசாகர் பல்கலைக்கழக வேதியியல் துறையினர் 2011இல் வெளியிட்டார்கள். சையத் எஸ். இஸ்லாம் தலைமையில் அந்தக் குழு சிப்பிக் காளான், வைக்கோல் காளான், புற்றுக் காளான் என்று நம் நாட்டுக் காளான்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செய்த நீண்ட வரிசையில் இதுவும் ஒன்று.

அவர்கள் செய்வது பொறுமையான வேலை. காளானை நீரில் கொதிக்கவைத்து, வடித்த சாற்றில் சாராயம் சேர்த்தால் பல்சர்க்கரை வெண்மையாகத் திரண்டு அடியில் படியும். அதைச் சுத்தம் செய்து, பெரிய மூலக்கூறு முந்தியும் சிறியது பிந்தியும் வெளிவரும் குழாய் வழியே ஓட்டிப் பிரிப்பார்கள். பிறகு, பிணைப்பில் சேராமல் சும்மா இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு வேதிக் குழுவால் அடைத்துவிட்டுச் சங்கிலியை உடைப்பார்கள். எந்த எண் கார்பன் அடைபடாமல் வருகிறதோ அதுதான் பிணைப்பில் இருந்தது என்று தெரிந்துவிடும். நேரில் பார்க்கவே முடியாத ஒன்று-மூன்றையும் ஒன்று-ஆறையும் இப்படித்தான் படிக்கிறார்கள். கடைசியில் எலியின் மண்ணீரல், தைமஸ் அணுக்களும் பெருவிழுங்கிகளும் உள்ள கிண்ணத்தில் அந்தப் பொருளைச் சேர்த்து, அணுக்கள் பெருகுகின்றனவா, கிருமி கொல்லும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றனவா என்று அளப்பார்கள். இவ்வகை ஆய்வுகளைப் படிக்கும்போது எவரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவித்த வைக்கோலிலும் மண்ணிலும் வளர்ந்த பொருளில் பாக்டீரியாவின் எச்சம் ஒட்டியிருக்காதா? பாக்டீரிய வெளியுறையின் எண்டோடாக்சின் என்ற நஞ்சு, நானோகிராம் அளவிலேயே பெருவிழுங்கியை உசுப்பிவிடக்கூடியது. அதை அளந்து விலக்காத எந்த ஆய்விலும் பலன் காளானுடையதா, கூட வந்த பாக்டீரியாவுடையதா என்று தீர்த்துச் சொல்ல முடியாது. உலகெங்கும் காளான் சாறு ஆய்வுகளில் பலவும் தடுக்கி விழும் இடம் இது.

இனி, கிண்ணத்திலிருந்து தட்டுக்கு வருவோம். நூறு கிராம் பச்சைக் காளானில் தொண்ணூறு கிராம் தண்ணீர். மீதிப் பத்தில் தோராயமாக இரண்டு கிராம் பீட்டா-குளூக்கான் என்று வைத்துக்கொள்ளலாம். லெண்டினான் ஊசியில் ஏறியது இரண்டு மில்லிகிராம். அதாவது ஒரு வேளைக் காளான் வறுவலில் ஊசியைவிட ஆயிரம் மடங்கு சரக்கு இருக்கிறது! அது அப்படியே இரத்தத்தில் சேருமானால் காளான் சாப்பிட்ட இரவெல்லாம் காய்ச்சலும் நடுக்கமுமாகக் கழிய வேண்டியதுதான். சேருவதில்லை என்பதற்கு மருத்துவமனையிலேயே சான்று இருக்கிறது. உடம்புக்குள் ஆழமான பூஞ்சைத் தொற்று உண்டா என்று பார்க்க, இரத்தத்தில் இதே ஒன்று-மூன்று பீட்டா-குளூக்கானை அளக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு செய்வது. அதில் பரவலாகப் பயன்படும் ஒரு வகையில், மில்லிலிட்டருக்கு 60 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் தொற்று இல்லை என்று கொள்கிறார்கள். மூன்று லிட்டர் இரத்த நீருக்குக் கணக்குப் போட்டால், தின்ற இரண்டு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட மிதக்கவில்லை என்றாகிறது. காளான் தின்பவர்களுக்கெல்லாம் இரத்தத்தில் இந்த அளவு எகிறுமானால், அன்றாடம் காளான் சமைக்கும் ஜப்பானில் இந்தப் பரிசோதனை ஒரு நாளும் எடுபட்டிருக்காது. அங்கேதான் அது முதலில் வழக்கத்துக்கு வந்தது.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. எதிர்ப்பாற்றலின் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தானே குடியிருக்கிறது. இரத்தத்துக்கு ஏன் போக வேண்டும்? குடல் சுவரில் உள்ள சில சிறப்பு அணுக்கள் உள்ளே வருவதில் மாதிரி எடுத்து எதிர்ப்பணுக்களிடம் கொடுக்கின்றன, விலங்குச் சோதனைகளில் வாய்வழிக் குளூக்கான் சிறிதளவு இப்படி உள்ளே போனதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் வடிவம் இங்கே குறுக்கே நிற்கிறது. 2011இல் லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த டேவிட் அண்டர்ஹில் குழு காட்டியது இது: நீரில் கரைந்த பீட்டா-குளூக்கான் டெக்டின்-1இல் போய் ஒட்டினாலும் அணு எழுந்துகொள்வதில்லை. அதே பொருள் துகளாக வந்து அணுவின் மேற்பரப்பில் பதிந்தால்தான், அந்த இடத்திலிருந்து தடுப்புப் புரதங்கள் ஒதுங்கி, ஏற்பி வேலை தொடங்குகிறது. இதில் நியாயம் இருக்கிறது. கரைந்த சங்கிலி எங்கோ உதிர்ந்த துணுக்காக இருக்கலாம். துகள் என்றால் பூஞ்சையே பக்கத்தில் நிற்கிறது. சூப்பில் கரைந்து இறங்குவது ஒரு விதம், மென்று விழுங்கிய காளானின் கரையாத சுவர் இன்னொரு விதம், ஆய்வகச் சாறு மூன்றாவது விதம். ஒன்றுக்குக் கிடைத்த சான்றை மற்றதற்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

பீட்டா-குளூக்கானைச் சந்தித்த அணுக்கள் அடுத்த முறை வேறொரு கிருமிக்கும் வேகமாக எதிர்வினை செய்கின்றன என்ற ‘பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றல்’ ஆய்வுகளும் இப்போது பேசப்படுகின்றன. நெதர்லாந்தின் மிஹாய் நெட்டெயா குழு இதில் முன்னோடி. பிசிஜி தடுப்பூசிக்கும் இதே குணம் உண்டு என்கிறார்கள். கருத்து வலுவானது. ஆனாலும் பிசிஜியின் பெயர் வந்தால் செங்கல்பட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. 1968இல் அங்கே தொடங்கிய, இரண்டரை லட்சம் பேருக்கு மேல் பங்கெடுத்த ஆய்வு, வேறு நாடுகளில் காசநோயைத் தடுத்ததாகப் பெயர் பெற்ற அதே ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டி உலகத்தைத் திடுக்கிடவைத்தது. கிண்ணமும் எலியும் நம்பிக்கை தருவது ஒரு கட்டம். அந்தந்த மக்களிடம், பொட்டலத்தில் உள்ள அதே பொருளை, அதே அளவில் கொடுத்துப் பார்ப்பது இன்னொரு கட்டம். டெல்டாவில் விற்கும் காளான் பொடிக்கு அந்த இரண்டாம் கட்டத்தின் சான்று எதுவும் காட்டப்படுவதில்லை.

‘அச்சடித்தால்தான் என்ன கெட்டுப்போயிற்று, காளான் கெடுதல் இல்லையே’ என்று கேட்கலாம். புற்றுநோய்க்காரர் ஒருவர் சிகிச்சையை ஒத்திப்போட்டுப் பொடியைக் கரைத்துக் குடித்தால் கெட்டுத்தான் போகும். அதைவிடச் சாதாரணமான ஏமாற்றும் இருக்கிறது. சில பொடிகளில் இருப்பது காளானே அல்ல. சோளத்திலோ அரிசியிலோ இழை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்த மாவு. பொட்டலத்தில் ‘பல்சர்க்கரை ஐம்பது சதவீதம்’ என்று போட்டிருந்தால் அது பொய்யாகாது, ஏனென்றால் மாவுச்சத்தும் பல்சர்க்கரைதானே! ஒரு சிட்டிகைப் பொடியை நீரில் கொதிக்கவைத்து ஆறியபின் ஒரு சொட்டு அயோடின் விட்டால், கருநீலம் ஏறுகிற அடர்த்தியே அதில் எவ்வளவு தானிய மாவு என்று ஓரளவு காட்டிக்கொடுக்கும். பீட்டா-குளூக்கான் எவ்வளவு, ஆல்ஃபா எவ்வளவு என்று தனித்தனியாக அச்சிடாத பொட்டலத்தில் அந்தச் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

வளர்ப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. சிப்பிக் காளானின் குடை விரிந்து ஓரம் மேலே சுருளும் வரை பறிக்காமல் விட்டால், மூடிய குடிலுக்குள் வித்துத்தூள் புகையாக மிதக்கும். அதை நாள்தோறும் மூச்சில் இழுப்பவர்களுக்கு இருமல், மாலையில் காய்ச்சல், மூச்சிரைப்பு என்று நுரையீரல் ஒவ்வாமை வருவது உலகெங்கும் காளான் பண்ணைகளில் பதிவான தொழில் நோய். எதிர்ப்பாற்றல் தூண்டப்பட்டதன் விளைவுதான் இதுவும், தவறான இடத்தில். குடை விரியும் முன்பே பறிப்பதும், முகக்கவசம் கட்டிக்கொண்டு குடிலுக்குள் போவதும் செலவில்லாத காப்பு.

பொட்டலத்தில் அச்சிட ஏதாவது வேண்டும் என்றால் காளானுக்கு மெய்யான தகுதிகள் இல்லாமல் இல்லை. புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, கொழுப்பு மிகக் குறைவு. இன்னொன்றும் உண்டு: காளானின் எர்கோஸ்டெரால் என்ற பொருள் வெயில் பட்டால் வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. புறஊதாக் கதிர் பட்ட காளானைத் தின்றவர்களின் இரத்தத்தில் அந்த வைட்டமினின் அளவு உயர்வதை மனிதர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். நறுக்கிய சிப்பிக் காளானை உச்சிவேளையில் கொஞ்ச நேரம் முறத்தில் பரப்பி வைத்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும், தஞ்சாவூரில் அதற்கு வேண்டிய வெயிலுக்கும் குறைவில்லை.